ஊரும் பள்ளியும் நெ.து.சு.வும்

காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912-ஆம் ஆண்டு பிறந்து 1993-இல் மறைந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக அவரைப் பலரும் அறிவர். எனக்கோ, 1954-இல் அவர் ஏற்ற பொதுக் கல்வி இயக்குநர் பொறுப்பே பெரிதாகத் தோன்றுகிறது.

அப்போது முதலமைச்சர் காமராசர். ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. பசித்த பிள்ளை படிக்குமா? 1956-இல் பகல் உணவுத் திட்டம் ஊரார் நன்கொடையால் தொடங்கிற்று. பின்னர் அரசும் பங்கேற்றது. ஒரு சாப்பாட்டுக்கு அரசு 6 காசு, ஊர் 4 காசு.

அடுத்து, 1958-இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அதன்பின் இயக்குநரே ஊர் ஊராகச் சென்றார். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், கட்டடம் என்று மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரசின் கடமையை ஏழைகள் தலையில் ஏற்றலாமா என்று கேட்பாருண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பெஞ்சு கொடுத்தவன், அதில் தன் பிள்ளை உட்கார்ந்திருக்கிறானா என்று பார்க்க வருவான். வாத்தியாருக்குக் குடியிருக்க வீடு அமைந்ததா என்றும் விசாரிப்பான். பணத்தைவிட இந்த வருகையையே நான் பெரிதென்பேன்.

வாத்தியாரின் முதுமையையும் அன்றைய ஆட்சி மறக்கவில்லை. உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றையும் சேர்த்துத் தரும் திட்டம் 1955-இல் வந்தது. என் பாட்டனார் அப்படியொரு பள்ளியின் ஆசிரியர். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வாங்கி வருவார். கடைசிவரை வெற்றிலை பாக்குக்குக்கூடத் தம் பிள்ளைகளிடம் கை நீட்டியதில்லை.