ஏழு தந்தி கண்ட சௌடையா

காவிரியும் கபினியும் கூடுமிடம் திருமகூடலு நரசிபுரம். மைசூர் நாட்டைச் சேர்ந்த அவ்வூர்ப் பகுதியில் 1895ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தோன்றியவர் வயலின் மேதை டி. சௌடையா. அவர் பெயரின் முதலெழுத்து அவ்வூரையே குறிப்பது. பின்னாளில் தாம் இயற்றிய உருப்படிகளிலும் திரிமகுட என்னும் முத்திரையைப் பதித்தார்.

1910இல் மைசூரின் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் மாணாக்கராகச் சேர்ந்து, 1918 வரை குருகுலவாசம் செய்தார். ஆசிரியரோ வாய்ப்பாட்டு வல்லவர். கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். மாணவர் வில்பிடித்தவராயினும் மனிதக் குரலின் குழைவையும் மூச்சையும் அவரிடமே கற்றார். பாடகரின் உள்ளக்குறிப்பை அறிந்து தொடரும் ஆற்றல் பிற்காலத்தில் அவருக்கு எளிதில் வாய்த்ததற்கு இதுவே அடிப்படை எனலாம்.

மேலைநாட்டு வயலின் நம் இசையில் இடம்பெற்று ஒரு நூற்றாண்டு கடந்திருந்த காலம் அது. ஒலிபெருக்கி இன்னும் பரவவில்லை. அரங்கு நிறைந்த கூட்டத்தில், கணீரென்ற குரலுக்கு அருகே நான்கு தந்திகளின் நாதம் பின்வரிசையை எட்டாது தேய்ந்தது. பக்கவாத்தியக்காரர் பாடகரை மீறலாகாது, கேட்கப்படாமலும் போகலாகாது. இவ்விரண்டு கடமைகளுக்கும் இடையே சௌடையா 1927இல் ஒரு வழி கண்டார். நான்குடன் மேலும் மூன்று தந்திகளை இணையாகச் சேர்த்து ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். நாதம் பெருகியது, உழைப்பும் பெருகியது. இணைத்தந்திகளில் சுருதி இம்மியளவு பிசகினும் குறை பளிச்செனத் தெரியும். அவர் அதனை வசப்படுத்தினார்.

செம்பை வைத்தியநாத பாகவதருக்கும் அவருக்கும் அமைந்த மேடைத் தோழமை இசையுலகம் போற்றியது. 1943இல் சௌடையா தயாரித்த வாணி என்னும் கன்னடத் திரைப்படத்தில் செம்பையும் பாலக்காடு மணி ஐயரும் தோன்றினர். அரியக்குடி முதலிய பெரும் பாடகர் பலருக்கும் அவர் வாசித்தார். பக்கத்தில் அமர்ந்தே புகழ் கொண்ட அவரை, சென்னை மியூசிக் அகாதெமி 1957இல் சங்கீத கலாநிதி விருதளித்து நடுவில் அமர்த்தியது. 1967 சனவரி 19ஆம் நாள் அவர் மறைந்தார்.

ஒலிபெருக்கி வந்தபின் ஏழு தந்திக்கு இருந்த தேவை குறைந்தது. அக்கருவி பெருவழக்காக நிலைக்கவில்லை. அவர் நினைவாகப் பெங்களூரில் 1980இல் எழுந்த மண்டபம் மட்டும் வயலின் வடிவில் நிற்கிறது. வடிவங்கள் காலத்தின் தேவையால் பிறந்து, அத்தேவையோடு ஒதுங்குவதுண்டு. எனினும், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனும் கேட்க வேண்டும் என்று கலைஞன் கொள்ளும் கவலை ஒதுங்குவதில்லை. சௌடையா தம் கருவியை மாற்றியது அக்கவலையினால்தான். சொல்லைக் கருவியாகக் கொண்டோர் அவரிடமிருந்து பெறத்தக்க செல்வமும் அதுவே.