கொர்ச்சாக்கின் கடிதப் பெட்டி

வார்சோ நகரத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வளர்த்த கனேரிக் குருவி இறந்துவிட்டது. அதனை முற்றத்து மரத்தடியிற் புதைத்து, மேலே ஒரு சிலுவை நாட்ட விரும்பினான் அவன். வாயில் காப்போன் மகன் தடுத்தான். குருவி யூதக் குருவியாம், அவனும் யூதனாம், இறந்தபின் அவன் செல்லுமிடம் நரகம் அன்றாயினும் இருண்டதோர் இடமாம். இருட்டறைக்கு அஞ்சும் பிள்ளை அதனை முதுமை வரை மறக்கவில்லை.

அவனே பின்னாளில் யானுஷ் கொர்ச்சாக் என்னும் புனைபெயரால் உலகறிந்த ஹென்றிக் கோல்ட்ஷ்மித். பிறந்தது 1878இலோ 1879இலோ என்பது துணியப்படவில்லை. தந்தையார் பிறப்பைப் பதிவதிற் காலந் தாழ்த்தினார். நியாயவாதியாகிய அத்தந்தை சித்தம் கலங்கி 1896இல் இறந்தார். மைந்தன் பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் குடும்பத்தைத் தாங்கினான். மருத்துவங் கற்றுக் குழந்தை வைத்தியனானான். 1912இல் வார்சோவின் குரொக்மால்னா வீதியில் எழுந்த யூத அநாதை இல்லத்தின் தலைமையை ஏற்றார் கொர்ச்சாக். ஸ்தெபானியா வில்சின்ஸ்கா அம்மையார் அவருக்குத் துணைநின்றார்.

அவ்வில்லத்தில் ஒரு கடிதப் பெட்டி இருந்தது. கலகமும் கண்ணீருமாய் ஓடிவரும் பிள்ளையை எழுதிப் பெட்டியில் இடுமாறு பணிப்பார் அவர். எழுதும் பிள்ளை சிறியதையும் பெரியதையும் பிரித்தறியும். விடைக்குக் காத்திருக்கப் பழகும். பெரியவருக்கும் ஆறியிருந்து சிந்திக்க நேரங் கிடைக்கும். மாணாக்கன் எழுதித் தந்த துயரத்தில் ஒற்றுப்பிழை தேடும் வழக்கம் எனக்கு நெடுங்காலம் இருந்தது. இப்பெட்டியைப் பற்றி வாசித்த அன்றே அதற்காக வெட்கினேன்.

பந்தயம் கட்டுவதும் அவர் கையாண்ட ஒரு வழி. நாடோறும் சண்டையிடும் பையன் வரும் வாரம் எத்தனை சண்டைகளோடு நிற்பான் எனத் தானே தொகை குறிப்பான். சண்டையே கூடாதென அவர் வற்புறுத்தார். வென்றால் இனிப்பு உண்டு. சாட்சி எவருமில்லை, பையன் சொல்லே சான்று. பிள்ளைகளின் நீதிமன்றமும் அங்கு நடந்தது. நீதிபதிகளும் பிள்ளைகளே. அதன் சட்டத்தில் நூறாவது விதிக்கு முந்தியவையெல்லாம் வழக்கை விடுவதற்கோ மன்னிப்பதற்கோ அமைந்தவை. அரையாண்டில் ஐந்து முறை கொர்ச்சாக்கே அங்கே குற்றஞ் சாட்டப்பட்டு நின்றார்.

1926இல் அவர் தொடங்கிய சிறுவர் பத்திரிகை, வார்சோ யூத நாளிதழ் ஒன்றின் வெள்ளிக்கிழமை இணைப்பாய் வந்தது. போலந்தெங்குமிருந்து பிள்ளைகள் தங்கள் மனக்குறைகளையும் செய்திகளையும் எழுதினர். அதன் கடைசி இதழ் 1939 செப்தெம்பர் முதலாந் திகதி வெளிவந்தது. அன்றுதான் ஜெர்மானியப் படை போலந்தினுட் புகுந்தது.

அடுத்த ஆண்டில் இல்லம் முழுவதும் யூதர் அடைப்பினுள் தள்ளப்பட்டது. பசியும் பிணியும் சூழ்ந்த அங்கே, 1942 யூலை 18ஆந் திகதி, பிள்ளைகள் தாகூரின் 'தபால் நிலையம்' என்னும் நாடகத்தை நடித்தனர். நோயுற்று அறையுள் அடைபட்ட அமல் என்னும் சிறுவன் சாளரத்தருகிலிருந்து வழிப்போக்கரோடு பேசுகிறான். அரசனின் கடிதத்துக்குக் காத்திருக்கிறான். ஈற்றில் அரச வைத்தியர் வந்து கதவுகளையும் சாளரங்களையும் திறப்பிக்க, உறங்கிவிடுகிறான். இதனைத் தெரிந்தமைக்குக் காரணம் வினவியோர்க்கு, மரணத்தை அமைதியோடு ஏற்கப் பிள்ளைகள் பயிலவேண்டும் என்றாராம் கொர்ச்சாக். பிள்ளைகளிடத்து இதனைச் செய்யலாமோ என நான் பன்முறை ஐயுற்றதுண்டு. இருண்ட இடம் உண்டெனக் கேட்டுத் தனியே நடுங்கிய ஐந்து வயதுப் பிள்ளையை நினைக்கும்போது, அவ்வையம் தளர்கிறது. முற்றும் நீங்கியதென்று சொல்லமாட்டேன்.

நான்கு நாளில் நாடுகடத்தல் தொடங்கிற்று. தப்பிச் செல்ல வாய்ப்புகள் வந்தும் அவர் மறுத்தார். ஆகஸ்டு முதல் வாரத்தில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளோடு அவரும் ஸ்தெபானியா அம்மையாரும் புகையிரதத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். திரெப்ளிங்கா கொலைமுகாமிலிருந்து எவரும் மீளவில்லை.

அவரது நாட்குறிப்பு மட்டும் எஞ்சியது. ஆகஸ்டு 4ஆந் திகதிய ஈற்றுக் குறிப்பில், பூச்செடிகளுக்கு நீர் வார்க்கும் தம்மை வெளியே துப்பாக்கியோடு நின்று நோக்கும் போர்வீரனைப் பற்றி எழுதுகிறார். போருக்கு முன் அவன் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியனாய் இருந்தவனோ என்று வியக்கிறார்.