தியாகதுருகமும் ஹைதர் அலியும்

கல்வராயன் மலைக்குத் தெற்கே ஆத்தூர்க் கணவாயைக் கடந்து, கள்ளக்குறிச்சிச் சமவெளியில் இறங்குவோரை எதிர்கொண்டு நிற்பது தியாகதுருகம் மலைக்கோட்டை. மைசூர்ச் சீமையினின்று ஆர்க்காட்டு நாட்டிற்குள் வரும் வழியைக் காத்த இக்கோட்டை, ஹைதர் அலியின் வாழ்வில் ஒரு திருப்பத்திற்குச் சான்றாகும்.

பூதிக்கோட்டையில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்தவர் ஹைதர். எழுத்தறிவு பெறாதவராயினும் நினைவாற்றலாலும் வீரத்தாலும் உயர்ந்தார். தம்மை ஆதரித்து வளர்த்த அமைச்சர் நஞ்சராசரை அகற்றியே மைசூரின் அதிகாரத்தைக் கைக்கொண்டார் என்பதையும் மறைத்தற்கில்லை.

1760 ஜூனில், ஆங்கிலேயரால் நெருக்கப்பட்ட புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் அவருடன் உடன்படிக்கை செய்தனர். படையுதவிக்கு ஈடாகத் தியாகதுருகம் மைசூர் வசமாயிற்று. ஹைதரின் மைத்துனர் மக்தூம் அலி, ஜூலையில் திருவதிகையருகே ஆங்கிலப் படையை வென்றார்.

ஆனால் ஆகஸ்டில், ஹைதரால் உயர்த்தப்பெற்ற காண்டேராவ், அரச குடும்பத்தின் சார்பில் அவருக்கு எதிராகவே திரும்பினார். இரவில் காவிரியைக் கடந்து பெங்களூரை அடைந்த ஹைதர், தமிழகத்திலிருந்த படையைத் திருப்பியழைத்தார். 1761 தொடக்கத்தில் புதுச்சேரி வீழ்ந்தது; அடுத்துத் தியாகதுருகமும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது.

அவ்வாண்டே மைசூரை மீட்ட ஹைதர், 1780இல் பெரும்படையுடன் மீண்டும் வந்தார். பொள்ளிலூரில் வென்றார், எனினும் அப்போரில் எளிய உழவர் பட்ட துயர் பெரிது. 1782இல் சித்தூரருகே பாசறையில் மறைந்தார். 1790இல் அவர் மைந்தர் திப்பு தாக்கியபோதும் தியாகதுருகம் பணியவில்லை.

கோட்டையைக் காப்பது கல் மட்டுமன்று; ஒப்படைத்த அமானிதத்தைப் பேணும் உள்ளமும் ஆகும். ஹைதர் வாழ்வு நம் மாணவர்க்கு உணர்த்தும் பாடம் இதுவே.