கணிதப் பேராசான் மகாவீராசாரியர்

மகாவீரர் என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுபவர் இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய வர்த்தமானரே. அப்பெருமானின் திருநாமத்தைத் தாங்கிக் கி.பி. 9ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த கணித ஆசாரியர் ஒருவரும் நம் சமயத்திற்கு உரியவர். கல்லூரியில் சேர்மானக் கணக்குகளுடன் போராடும் நம் பிள்ளைகள், அக்கணக்கின் பொது விதியை ஒரு சமணப் பெரியார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார் என்பதை அறிவதில்லை.

அக்காலத்தில் மானியகேடத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன். ஆசாரிய ஜினசேனரைக் குருவாகப் போற்றிய அம்மன்னனின் ஆட்சியில் அறநூல்களும் இலக்கணமும் ஒருங்கே தழைத்தன. சுமார் கி.பி. 850இல் மகாவீராசாரியர் ‘கணித சார சங்கிரகம்’ என்னும் வடமொழி நூலை இயற்றினார். வர்த்தமானரை வணங்கித் தொடங்கும் அந்நூல் மன்னனையும் வாழ்த்துகிறது. தம்மைப் பற்றியோ ஆசிரியர் அதிகம் பேசவில்லை.

ஆரியபட்டரும் பிரம்மகுப்தரும் கணிதத்தை வானநூலின் ஓர் அங்கமாகவே வைத்தனர். மகாவீரரோ அதனைத் தனியே எடுத்து ஒன்பது அத்தியாயங்களில் முறைப்படுத்தினார். சமையல், மருத்துவம், இசை, யாப்பு, கட்டடக்கலை என எத்துறைக்கும் கணிதம் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு விதியையும் கூறியபின் பயிற்சி வினாக்களை அடுக்கடுக்காகத் தருவார். மாணவனை நண்பனே என்றும் கணித வல்லுநனே என்றும் விளித்துக் கேட்பார். பயின்று பெறும் அறிவையே அவர் அறிவாகக் கருதினார் என்பது நூலைப் புரட்டுவோர்க்கு விளங்கும்.

துவர்ப்பு, கைப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, இனிப்பு ஆகிய ஆறு சுவைகளைச் சேர்த்து எத்தனை வகைச் சுவைகள் அமைக்கலாம் என்பது அவர் வினாக்களுள் ஒன்று. ஒன்று முதல் ஆறு வரை மேல் வரிசையில் எழுதுக; அவற்றையே தலைகீழாகக் கீழ் வரிசையில் எழுதுக. வலப்புறமிருந்து மேல் எண்களைப் பெருக்கி, அவற்றிற்கு நேரான கீழ் எண்களின் பெருக்குத் தொகையால் வகுக்க வேண்டும். தனிச்சுவை 6, இரண்டு கூடியவை, ஆறைந்து முப்பதை இரண்டால் வகுக்க 15, மூன்று கூடியவை 20, பின்னர் 15, 6, 1. ஆக 63. இத்தொகையை மருத்துவ நூலாராகிய சுசுருதரும் அறிந்திருந்தார். நம் பகவதி சூத்திரத்திலும் சேர்மானங்களை எண்ணும் வழக்கம் உண்டு. எத்தனை பொருளாயினும் பொருந்தும் பொது விதியாக அதனை வகுத்ததே மகாவீரரின் பெருமை.

மற்றொரு வினா வாழைப்பழக் கணக்கு. காட்டோரத்தில் சமமான 63 குவியல்கள்; அவற்றோடு 7 பழங்கள். வழிப்போக்கர் 23 பேர் மிச்சமின்றிப் பகிர்ந்துகொண்டனர். குவியலுக்கு எத்தனை? ஐந்து என்றால் மொத்தம் 322, ஆளுக்கு 14. ஆயினும் 28 என்றாலும் கணக்குச் சரியாகவே வரும்! விடை ஒன்றுதான் என்று எண்ணும் மாணவனை இவ்வினா சற்றே திகைக்க வைக்கும்.

ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் அவ்வெண் மாறாது என்று அவர் எழுதியது பிழை. பெரியவர் என்பதற்காக அதனை மறைப்பது வாய்மை ஆகாது. குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று அவர் தெளிவாகக் கூறியதையும் உடன் நினைக்க வேண்டும்.

பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்குக் கவிதையாக ஆக்கினார். தென்னாட்டில் பயின்று வந்த மூலநூலோ நெடுங்காலம் ஏட்டுச் சுவடியாகவே கிடந்தது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசாரியர் அதனைப் பதிப்பித்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னை அரசின் வெளியீடாகக் கொணர்ந்தார். அமெரிக்கக் கணித வரலாற்று அறிஞர் டேவிட் யூஜின் சுமித் முன்னுரை வழங்கினார். வினாக்களுக்கு விடைகளும் பிற்சேர்க்கையில் தரப்பட்டன.

அந்நூலிலுள்ள எளிய வினா ஒன்று நம் இல்லப் பிள்ளைகளுக்காக: வைரம், நீலம், மரகதம், பவழம், முத்து ஆகிய ஐந்து மணிகளைச் சேர்க்கும் வேறுபாட்டால் ஒற்றைச் சர மாலைகள் எத்தனை வகைப்படும்? மணிகளின் வரிசை மாறுவதைத் தனி வகையாகக் கொள்ள வேண்டா. விடையை இங்கே எழுதவில்லை. இரண்டு வரிசை எண்களை எழுதிக்கொண்டால் போதும்.