அடிமைச் சாசனம் எழுதிய அடிகளார்

அன்னை மரியாளின் பக்தர்கள் எண்ணிறந்தோர். அவள் திருவுருவத்தின் முன் மெழுகுதிரி ஏற்றுவோரும், செபமாலை சொல்வோரும், நேர்த்திக்கடன் வைத்து நெடுந்தூரம் நடப்போரும் எல்லா நாடுகளிலும் உளர். ஆயின், அப்பக்தியின் பொருட்டுக் குலப்பெருமையையும் பிறந்த மண்ணையும் துறந்து, ஊரார் காட்டில் விட்டுச்சென்ற நோயாளரின் புண்களைத் தம் கையாற் கழுவியோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் கூலியாள் வேடத்தில் நம் கரையில் வந்திறங்கியவர். இலங்கையின் முதற் புனிதராக இன்று போற்றப்படும் யோசேப் வாஸ் அடிகளாரே அவர்.

போர்த்துக்கேயரின் ஆட்சியில் இருந்த கோவாவில், பெனாலிம் என்னும் ஊரில், 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாவோ வாஸ், தாயார் மரியா த மிராண்டா. கிறிஸ்தவம் தழுவிய கொங்கணி பிராமணக் குடும்பம் அது. மதம் மாறிய பின்னரும் கோவாவில் சாதி மாறவில்லை. பிராமணக் கிறிஸ்தவர் பிராமணராகவே வாழ்ந்தனர். தாழ்த்தப்பட்டோர் தாழ்த்தப்பட்டோராகவே இருந்தனர். இவர்கள் அனைவருக்கும் மேலே வெள்ளையர் இருந்தனர். ஐரோப்பியத் துறவற சபைகள் உள்ளூர் மக்களைத் தம்முள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. கல்வியிற் சிறந்து விளங்கிய வாஸ் 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டபோதும் இந்த நிலையே நீடித்தது.

குருவானதும் அவர் முதலிற் கைவிட்டது காலணிகளை. ஏழைகள் வெறுங்காலுடன் நடக்கும் நாட்டில் தாமும் அவ்வாறே நடப்பதெனத் தீர்மானித்தார். அடுத்த ஆண்டு, 1677 ஆகஸ்ட் 5ஆம் நாள், தம் தந்தையாரின் ஊராகிய சாங்குவாலேயில் உள்ள ஆரோக்கிய அன்னையின் ஆலயத்தில், ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். அன்னை மரியாளுக்குத் தம்மை என்றென்றைக்குமான அடிமையாக ஒப்புக்கொடுக்கும் சாசனம் அது.

அடிமை என்ற சொல்லை நாம் இன்று பக்திப் பாடல்களில் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். அக்காலக் கோவாவிலோ அது சட்டத்திலும் சந்தையிலும் வழங்கிய சொல். ஆபிரிக்கக் கரையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட மனிதர்கள் அங்கே விற்கப்பட்டனர். செல்வர் வீடுகளில் அவர்கள் ஏவல் செய்தனர். தம் உடல்மீதே உரிமையற்றவர்கள் அவர்கள். பிராமணக் குலத்திற் பிறந்த இளங்குரு ஒருவர், சமூகத்தின் அடித்தட்டில் கிடந்தோரின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார் என்பதே இச்சாசனத்தின் பொருள். அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் அந்தக் கையொப்பத்தை மெய்ப்பிக்கும் முயற்சி என்றே நாம் கொள்கிறோம்.

1681 முதல் கன்னடக் கரையோரத்தில் மூன்றாண்டுகள் பணியாற்றிவிட்டுக் கோவா திரும்பிய அடிகளார், 1685இல் உள்ளூர்க் குருக்கள் சிலர் கூடி வாழ்ந்த சிறு குழுவொன்றிற் சேர்ந்தார். அதுவே ஒறற்றோரியன் சபையாக வளர்ந்தது. அச்சபையின் கதவும் நடைமுறையில் பிராமணக் குலத்தார்க்கே திறந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், அச்சபையின் தலைமையை ஏற்ற அடிகளாரின் நெஞ்சம் கோவாவில் நிலைக்கவில்லை. குருவின்றித் தவித்த ஒரு நாட்டைப் பற்றி அவர் கேள்வியுற்றிருந்தார்.

அந்நாடு இலங்கை. 1656இல் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரண தண்டனை என அறிவிக்கப்பட்டது. ஆலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்கு உரியனவாயின. மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் அன்னையின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டினுள் ஓடி ஒளிந்தன என்றும், அத்திருவுருவமே இன்று மடுவில் வீற்றிருக்கிறது என்றும் மரபு கூறும். நம் மண்ணில் அன்னையின் பெயர்பெற்ற திருத்தலம் ஏதிலிகளால் தோற்றுவிக்கப்பட்டது என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும்.

1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்ட அடிகளார், தூத்துக்குடியில் கூலியாளைப் போல் உடைதரித்து, யோவான் என்னும் உதவியாளருடன் தோணியேறி, 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வழியிற் பட்ட பசியும் துன்பமும் அவரை வயிற்றளைச்சலில் வீழ்த்தின. அறிமுகமற்ற நாட்டில், தெருவோரத்தில், யாருமற்ற பரதேசியாக அவர் கிடந்தார். இரக்கமுள்ள பெண்ணொருத்தி வார்த்த கஞ்சியே அவர் உயிரைக் காத்தது என்பர். கைவிடப்பட்டோரைத் தேடி வந்தவர் முதலில் தாமே கைவிடப்பட்டவராய்க் கிடந்து, முன்பின் அறியாத ஒருத்தியின் கைச்சோற்றால் உயிர் பிழைத்தார்.

ஒளிந்து வாழும் கத்தோலிக்கரைக் கண்டறிவது எங்ஙனம்? வாய்திறந்து கேட்டால் ஒற்றரிடம் அகப்படக்கூடும். அடிகளார் செபமாலையைக் கழுத்தில் அணிந்து வீடுவீடாகப் பிச்சையெடுத்தார். செபமாலையைக் கண்டதும் எவருடைய முகம் மாறுகிறது, எவருடைய கண் அதில் நிலைக்கிறது என்று கவனித்தார். அன்னையின் செபமாலை அங்கே மறைந்து வாழ்ந்த மக்களிடையே ஓர் அடையாளச் சொல்லாயிற்று. அவ்வழியே அவர் சில்லாலையைச் சென்றடைந்தார். பகலில் ஒளிந்திருந்து இரவில் திருப்பலி நிறைவேற்றினார், தமிழ் கற்றார்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் சில்லாலையைச் சூழ்ந்தனர். திருப்பலிக்கெனக் கூடியிருந்த ஏறத்தாழ முந்நூறு பேர் பிடிபட்டனர், அடிகளார் தப்பினார். பிடிபட்டோருள் எண்மர் தனியே பிரிக்கப்பட்டுக் கடுந்தண்டனைக்கு ஆளாயினர். தோன் பேதுரு என்பவர் அடியின் கொடுமையால் உயிர்நீத்தார். எஞ்சியோர் விலங்கிடப்பட்டுக் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர். அடிகளாரைக் காட்டிக்கொடுத்துத் தப்பிக்கொள்ள அவர்களுக்கு வழியிருந்தும் அவர்கள் அதனை நாடவில்லை. அடிகளாரின் புகழைப் பேசுவோர் இந்த எண்மரை மறத்தல் தகாது.

ஒல்லாந்தரின் கைக்கு எட்டாத கண்டி இராச்சியமே இனிப் புகலிடம் என உணர்ந்த அடிகளார், புத்தளம் வழியாக 1692இல் கண்டியை அடைந்தார். அரசவையிலிருந்த புரட்டஸ்தாந்தப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் எனக் கூறவே, மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிலிட்டான். சிறையிலும் அவர் வாளாவிருக்கவில்லை. சிங்களம் கற்றார், வளவில் ஒரு கொட்டில் அமைத்துத் திருப்பலி நிறைவேற்றினார். நாட்டில் மழை பொய்த்தபோது அவர் செபித்ததும் மழை பொழிந்தது என்றும், அதன் பின்னரே மன்னன் அவர் விரும்பியவாறு நடமாட இசைந்தான் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கத்தோலிக்கக் குருவொருவருக்குக் கிறிஸ்தவ அரசு மறுத்த அடைக்கலத்தைப் பௌத்த மன்னன் வழங்கினான் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1697இல் கண்டியைப் பெரியம்மை தாக்கிற்று. மன்னன் நகரை விட்டு நீங்கினான், வசதியுள்ளோர் பின்தொடர்ந்தனர். நோயுற்றோரைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது வழக்கமாயிருந்தது. பெற்றோரைப் பிள்ளைகளும் பிள்ளைகளைப் பெற்றோரும் கைவிட்ட காலம் அது. அடிகளாரும் அவருடைய மருமகன் முறையினரான யோசேப் கார்வாலோ அடிகளாரும் நகரிலேயே தங்கினர். காட்டில் கிடந்தோரைத் தேடிச் சென்று குடில் அமைத்துக் கொடுத்தனர், உணவூட்டினர், சீழ்வடியும் புண்களைக் கழுவினர், இறந்தோரைத் தாமே குழிதோண்டி அடக்கம் செய்தனர். சிங்களவர், தமிழர் என்றோ, பௌத்தர், கத்தோலிக்கர் என்றோ அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. பிணந்தொடுதலைத் தீட்டு என ஒதுக்கிய குலத்திற் பிறந்தவர், ஏறத்தாழ ஓராண்டுக் காலம் பிணங்களைத் தூக்கிச் சுமந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் சாங்குவாலேயில் எழுதிய சாசனம் கண்டிக் காட்டில் நிறைவேறியது.

பின்னர் கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தனர். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் நம்மவரின் தவக்கால வழிபாட்டில் நிலையான இடத்தைப் பெற்றது. வாஸ் அடிகளாரைத் தேடி உயர்பதவி வந்தபோது அவர் அதனை ஏற்க மறுத்தார். உடல் தளர்ந்து, 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியில் காலமானார். அப்போது அவருக்கு அறுபது வயதும் நிறைந்திருக்கவில்லை. அவரை அடக்கம் செய்த இடம் இதுவெனச் சுட்டிக்காட்ட இன்று கல்லறை இல்லை.

1995 சனவரி 21ஆம் நாள், போர்நிறுத்தம் நிலவிய குறுகிய காலத்தில், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 சனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்திவிட்டு, அன்றே மடுவுக்கும் சென்றார்.

இவ்வரலாற்றை நாம் கத்தோலிக்க வாசகர்க்கு மட்டும் கூறவில்லை. போர்த்துக்கேயர் நம் மண்ணில் சிலுவையுடன் துப்பாக்கியையும் கொண்டுவந்தனர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். அந்தக் காயத்தை நாம் அறிவோம். அதே சமயத்தின் பெயரால் வந்த வாஸ் அடிகளாரிடமோ துப்பாக்கியும் இல்லை, அரசின் ஆதரவும் இல்லை. பிச்சைப் பாத்திரமும் செபமாலையுமே இருந்தன. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று.

இன்னொன்றும் கூறவேண்டியுள்ளது. அடிகளார் வாழ்ந்த காலத்திலேயே, 1707இல், ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளைப் பற்றிய பகுதி இருந்தது. அவர்களை அடிமைகளாக வைத்திருந்தோர் நம் முன்னோரே. யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களிற் சாதிக்கேற்ப இருக்கை பிரிந்திருந்த காலமும் உண்டு. இன்று ஜேர்மனியின் கேவலார் திருத்தலத்தில் ஆண்டுதோறும் நம்மவர் ஆயிரக்கணக்கிற் கூடுகின்றனர்; சைவரும் அங்கே கைகூப்பி நிற்கின்றனர். ஒரே அன்னையின் முன் நிற்கும் அவர்களுள், வீடு திரும்பியதும் மகளுக்கு வரன் தேடுகையில் ஊரும் பகுதியும் விசாரிப்போர் எத்தனை பேர்? நாட்டையும் வீட்டையும் விட்டு வந்த நாம் சாதியை மட்டும் பத்திரமாகப் பொதிகட்டிக் கொண்டுவந்திருக்கிறோம்.

அன்னைக்கு அடிமை என்று எழுதிக் கொடுத்தவர், அதன்பின் எவரையும் தமக்குக் கீழே வைத்து எண்ண உரிமையற்றவராகிறார். யோசேப் வாஸ் அடிகளார் இதனைப் பிரசங்கத்தால் உணர்த்தியதிலும் மேலாகக் கையாலும் காலாலும் செய்து காட்டினார். அவர் பெயரால் விழா எடுக்கும் நாம், நம் வாசலுக்கு வெளியே இன்று யார் நிற்கின்றனர் என்று முதலிற் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.