மைக்கோ பம்புக்குப் பின்னால் ஒரு மனிதர்

கும்பப்பூ உழவு சமயத்துல தோவாளை, பூதப்பாண்டி பக்கம் போனீங்கன்னா, பழைய டீசல் டிராக்டர் ஒண்ணு காலையில ஸ்டார்ட் ஆகாம வெள்ளைப் புகை விட்டு நிக்கிறதைப் பாக்கலாம். மெக்கானிக் வந்து ஏர் எடுப்பார், நாசில் பாப்பார். அதெல்லாம் சரின்னா கடைசியா கை வைக்கிறது பம்ப் டைமிங்ல. பல வண்டிகள்ல அந்த பம்ப் மேல 'மைக்கோ'ன்னு இருக்கும். அதுக்குப் பின்னால இருக்கிறவர்தான் ராபர்ட் பாஷ்.

ஜெர்மனியில் உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் ஆல்பெக் என்ற கிராமத்தில் 1861-ல் பிறந்தார். அப்பா விவசாயி, சத்திரமும் நடத்தினார். 12 பிள்ளைகளில் இவர் 11-வது. நம்ம மாதிரி டிகிரி எல்லாம் கிடையாது. மெக்கானிக் வேலை பழகினார், ஸ்டுட்கார்ட் கல்லூரியில் கொஞ்ச காலம் வகுப்பில் உட்கார்ந்தார், அமெரிக்கா போய் எடிசன் கம்பெனியில் வேலை பார்த்தார். 1886-ல் ஸ்டுட்கார்ட்டில் சொந்தப் பட்டறை போட்டார். கூட ஒரு மெக்கானிக், ஒரு எடுபிடிப் பையன், அவ்வளவுதான். ஆரம்ப வருஷங்கள் கடன்லதான் ஓடுச்சு.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மேக்னெட்டோ. பெட்ரோல் இன்ஜினுக்குள் சரியான நேரத்தில் தீப்பொறி கொடுக்கிற கருவி. அதில் கிடைத்த பணத்தில் தொழிற்சாலை வளர்ந்தது. 1906-லேயே தொழிலாளிக்கு 8 மணி நேர வேலை கொண்டு வந்தார்.

1921-ல் அவருடைய மகன் நோயால் இறந்தார். அடுத்த வருஷம், 61 வயசுல, டீசல் பம்ப் வேலையை ஆரம்பிக்க முடிவு எடுத்தார். ஏன்? அப்போ பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் எரிபொருளை உள்ளே தள்ள அழுத்தக் காற்று வேணும். அதுக்கான கம்ப்ரசர் ரொம்ப கனம், வண்டியில் வைக்க முடியாது. 1927-ல் பாஷ் பம்ப் பெருமளவில் வெளிவந்த பிறகுதான் டீசல் இன்ஜின் லாரிக்கும் டிராக்டருக்கும் சுலபமாக வந்தது.

அதன் சூட்சுமம் இதுதான். பேரலுக்குள் பிளஞ்சர் மேலே ஏறும். பக்கவாட்டுத் துளையை அது மூடுற நொடியில் டீசல் நாசிலுக்குக் கிளம்பும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி சில மைக்ரான்தான். மெக்கானிக் முதல் சிலிண்டருக்கான டெலிவரி வால்வைக் கழற்றி, ஃப்ளைவீலை மெதுவா சுத்துவார். வழியிற டீசல் எங்க நிக்குதோ, அதுதான் இன்ஜெக்‌ஷன் தொடக்கம். ஃப்ளைவீல் மார்க் அதோட ஒத்து வரலேன்னா, பம்ப் போல்டைத் தளர்த்தி லேசா திருப்புவார். சீக்கிரம் விழுந்தா இன்ஜின் தட்டும். லேட்டானா புகை, இழுவையும் இருக்காது.

கதை இங்கேயே முடிஞ்சா நல்லா இருக்கும். பாஷுக்கு ஹிட்லரைப் பிடிக்காது. யூதர்கள் தப்பிக்க உதவினார், எதிர்ப்பாளர்களுக்குத் தன் கம்பெனியில் இடம் கொடுத்தார். ஆனா அதே கம்பெனி போருக்குப் பொருள் செய்தது, பிடித்து வரப்பட்ட மக்களைக் கட்டாய வேலை வாங்கியது. 8 மணி நேரம் கொடுத்தவரின் தொழிற்சாலையில்தான் இதுவும் நடந்தது. போர் முடியும் முன்னாலேயே, 1942-ல் இறந்தார். நல்ல இன்ஜினியரா இருந்தா மட்டும் போதுமான்னு பிளேஸ்மென்ட்டுக்குப் போற நாமளும் யோசிக்கணும்.

1951-ல் மைக்கோ தொடங்கியது. அப்படித்தான் அவர் பம்ப் நம்ம வயல் வரைக்கும் வந்தது. அடுத்த தடவை வரப்போரம் ஒரு மெக்கானிக் டீசல் நிக்கிறதுக்காக மூச்சைப் பிடிச்சுக் காத்திருந்தா, பக்கத்துல போய் நின்னு பாருங்க. எந்த லேப்லயும் இவ்வளவு தெளிவா புரியாது.