காகிதத் துண்டை வைத்து அணுகுண்டை அளந்தவர்! யார் இந்த என்ரிகோ ஃபெர்மி?

1945 ஜூலை 16, அதிகாலை. நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டு சோதனை. சுமார் 16 கி.மீ. தள்ளி நின்ற ஒருவர், அதிர்வலை வந்து சேரும் நேரம் பார்த்து கையிலிருந்த காகிதத் துண்டுகளைக் கீழே விட்டார். அவை இரண்டரை மீட்டர் தள்ளிப் போய் விழுந்தன. அதை வைத்தே, குண்டின் சக்தி 10,000 டன் டிஎன்டி-க்குச் சமம் என்று கணித்தார்.

உண்மையான அளவு சுமார் 20,000 டன். பாதிதான் சொன்னார். ஆனால் ஆயிரமா, லட்சமா என்ற குழப்பம் அவருக்கு இல்லை. உத்தேசக் கணக்கின் வேலையே அதுதான்.

ரோம் டு சிகாகோ

1901-ல் ரோமில் பிறந்தவர் ஃபெர்மி. சிறுவயதில் அண்ணன் இறந்துபோக, அந்தத் துயரத்தில் இயற்பியல் புத்தகங்களே துணை. 1926-ல், 24 வயதிலேயே பேராசிரியர். 1938-ல் நோபல் பரிசு. மனைவி லாரா யூதர். இத்தாலியில் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்ததால், ஸ்டாக்ஹோமில் பரிசை வாங்கிய கையோடு குடும்பத்துடன் அமெரிக்கா போய்விட்டார். 1942 டிசம்பர் 2-ல் சிகாகோவில், கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கரு தொடர்வினையை முதன்முதலில் நிகழ்த்தியது அவரது குழு.

அதென்ன ‘ஃபெர்மி கேள்வி’?

போருக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். சிகாகோவில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் எத்தனை பேர்? இது அவர் பெயரில் இன்றும் சொல்லப்படும் பிரபல கேள்வி.

எப்படிப் போடுவது? மக்கள்தொகை 30 லட்சம் என வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 4 பேர் என்றால் 7.5 லட்சம் வீடுகள். ஐந்தில் ஒரு வீட்டில் பியானோ இருந்தால் 1.5 லட்சம். வருடத்துக்கு ஒருமுறை சுருதி சேர்க்க வேண்டும். ஒருவர் நாளைக்கு 4 பியானோ, வருடத்தில் 250 நாள் வேலை பார்த்தால் 1,000 பியானோ. அப்படியானால் சுமார் 150 பேர். அவ்வளவுதான்!

ஓரிடத்தில் கூடுதலாகவும், இன்னோரிடத்தில் குறைவாகவும் யூகிப்பதால் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். பெரிய கேள்வியைச் சின்னச் சின்னதாக உடைப்பதுதான் சூட்சுமம். கால்குலேட்டரில் ஒரு பூஜ்ஜியம் கூடிப்போனாலும் இந்தப் பழக்கம் இருப்பவர் உடனே பிடித்துவிடுவார்.

கடைசி வரை கணக்கு

1953-ல் நம்மூர் சுப்பிரமணியன் சந்திரசேகருடன் இணைந்து, விண்மீன் மண்டலத்தின் காந்தப்புலத்தைக் கணித்தார் ஃபெர்மி. அடுத்த ஆண்டே வயிற்றுப் புற்றுநோய். மருத்துவமனைப் படுக்கையிலும், உடலில் ஏறும் திரவத்தின் சொட்டுகளை எண்ணி, அதன் வேகத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தாராம். 1954 நவம்பர் 28-ல் இறந்தபோது அவருக்கு வயது 53.